டிராக்கில் சும்மா கிடைத்தது, டிரெயிலில் முதுகில் ஏறியது

சென்ற பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. கலிஃபோர்னியாவில் ஹாலிஸ்டர் ஹில்ஸ் என்ற பூங்காவின் மலைப்பாதைகளில் மோட்டார்சைக்கிளில் 50 கிலோமீட்டர் ஓட்டி முடிக்க எங்கள் மூன்று பேருக்கு ஏழு மணி நேரம் ஆனது. அதில் சக்கரம் உருண்டது மூன்றரை மணி நேரம்தான். மிச்சம் எங்கே போனது என்று அன்று இரவே ஒரு தாளில் எழுதி வைத்தேன். மோட்டோகிராஸ், அதாவது மேடும் பள்ளமுமான மூடிய மண் டிராக்கில் நடக்கும் மோட்டார்சைக்கிள் பந்தயம், ஓட்டிப் பழகியவர்கள் "முதல் தடவை டிரெயிலுக்கு வர்றேன், என்னென்ன தயார் பண்ணணும்?" என்று கேட்பது வழக்கம். அந்தத் தாளை விரித்து எழுதினால் அவர்களுக்குப் பதில் சொன்ன மாதிரி இருக்கும். எங்கள் தவறுகளும் இதில் இருக்கின்றன. அதில் பாதி என்னுடையவை.

ஆளும் வண்டியும்

எங்கள் மூவரில் டிராக்கிலிருந்து வந்தவன் தம்பி. 27 வயது. கோவில்பட்டிக்காரன், ஃப்ரீமான்ட் நகரில் வேலை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் தம்பி என்றே இருக்கட்டும். மூன்று வருடமாக வார இறுதிகளில் மோட்டோகிராஸ் டிராக்குக்குப் போகிறான். நான் பத்து வருடமாக மலையில் சுற்றுகிறவன். டிராக் பக்கம் எட்டிப் பார்த்ததோடு சரி. அவன் ஒரு மேசைமேட்டை, அதாவது உச்சி தட்டையான தாவு மேட்டை, தாண்டி இறங்கும்போது எனக்கு வயிறு கலங்கும். வண்டியைக் கையாளும் திறமை என்று பார்த்தால் அவன் என்னைவிடப் பல படி மேலே. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அன்று நடந்த எதற்கும் திறமைக் குறைவு காரணம் இல்லை.

அவனுடையது 2019 மாடல் யமஹா ஒய்இசட் 250எஃப். சுமார் 106 கிலோ. அந்த வருடம்தான் அந்த வண்டிக்கு செல்ஃப் ஸ்டார்ட் வந்தது. 6.2 லிட்டர் டேங்க், பின்னால் 19 அங்குலச் சக்கரம், நெருக்கமான ஐந்து கியர். சைடு ஸ்டாண்ட் கிடையாது. விளக்கு கிடையாது. ரேடியேட்டருக்கு ஃபேன் கிடையாது. என்னுடையது பழைய ஹோண்டா சிஆர்எஃப் 250எக்ஸ். விளக்கு, சைடு ஸ்டாண்ட், 18 அங்குலப் பின் சக்கரம் எல்லாம் உண்டு, வேகம்தான் இல்லை.

"அண்ணே, டிராக்ல இருபது நிமிஷம் முழு வேகத்துல ஓட்டுறேன். இது மலையில மெதுவா போறதுதானே?" என்றான்.

"அந்த இருபது நிமிஷம் முடிஞ்சா எங்க போவ தம்பி?"

"வேனுக்கு."

"வேன்ல என்ன இருக்கும்?"

தண்ணீர், பெட்ரோல், டூல் பெட்டி, வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட், நிழலுக்குக் குடை, சில நாள் என் வீட்டுக்காரி கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம். விழுந்தால் மஞ்சள் கொடி ஆட்ட ஒரு ஆள் நிற்பார். டிராக்கில் எல்லோரும் ஒரே திசையில் போவார்கள். நாலாவது சுற்றில் ஒவ்வொரு பள்ளமும் மனப்பாடம் ஆகிவிடும். அவன் யோசித்துப் பார்த்ததே இல்லாத வசதிகள் இவை. டிரெயிலுக்குத் தயாராவது என்பது இவை ஒவ்வொன்றுக்கும் மாற்று தேடுவதுதான். அந்தப் பேச்சிலிருந்துதான் எங்கள் பட்டியல் பிறந்தது.

முதலில் காகிதம்

கலிஃபோர்னியாவில் வண்டியின் நிறத்தைவிட ஸ்டிக்கரின் நிறம் முக்கியம். பொதுச்சாலைக்கு வராத வண்டிகளுக்கு மாநிலம் பச்சை ஸ்டிக்கரோ சிவப்பு ஸ்டிக்கரோ கொடுக்கும். புகை விதிக்கு உட்பட்டவை பச்சை. போட்டிக்கென்று செய்யப்பட்டவை, 2021 மாடல் வரை, சிவப்பு. சேஸிஸ் எண்ணில் எட்டாவது இடத்தில் 3 அல்லது சி இருந்தால் போட்டி வண்டி. 2022 மாடலிலிருந்து போட்டி வண்டிகளுக்கு ஸ்டிக்கரே கிடையாது; மூடிய டிராக்கோடு நின்றுகொள்ள வேண்டும். தம்பி வண்டி 2019 என்பதால் தப்பித்தது. மூன்று வருடம் புதிதாக வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. மோட்டோகிராஸ் வண்டியை டிரெயிலுக்கு ஆக்க நினைக்கிறவர்கள் ஒரு நட்டைத் தொடும் முன் இந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சத்தமும் தீப்பொறியும். சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டரில் வைத்து அளந்தால் 96 டெசிபலைத் தாண்டக் கூடாது. வெளியே வரும் கரித்துகளைப் பிடிக்கும் கம்பிவலையும் உள்ளே இருக்க வேண்டும். கோடையில் அந்த மலைப் புல் பஞ்சு மாதிரி காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும் என்பதால் இதில் சலுகை இல்லை. தம்பி மாட்டியிருந்தது ரேஸ் சைலன்சர்; ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். நல்லவேளை, கம்பெனி சைலன்சரைக் கழற்றி பரணில் போட்டிருந்தான். அதை இறக்கி, வலை உள்ள முனையை வாங்கிப் பொருத்தினோம். அரை மணி வேலை. "பவர் குறைஞ்சிருச்சு அண்ணே" என்று இரண்டு நாள் புலம்பினான். குறைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். மலையில் அவனுக்குத் தேவைப்பட்டதும் அதுவே.

கராஜில் மூன்று மாலைகள்

மோட்டோகிராஸ் வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்ய விடாமல் தடுப்பதுதான் எங்கள் வேலை என்று முதல் மாலையே புரிந்தது.

சஸ்பென்ஷனில் தொடங்கினோம். இருபதடி உயரத்திலிருந்து விழுந்தாலும் அடி தட்டாமல் இருக்க டிராக்கில் அதை இறுக்கி வைத்திருப்பார்கள். அதே இறுக்கத்தோடு கால் பந்து அளவு கல்லில் மெதுவாக ஏறினால் முன் சக்கரம் கல்லை விழுங்காது. இடது பக்கமோ வலது பக்கமோ தள்ளிவிடும். முன் ஃபோர்க்கில் அமுக்கத்தின் திருகை நான்கு கிளிக் (நான்கு படி) தளர்த்தினோம், பின்னால் மூன்று. தண்ணீர்ப் பையும் டூல் பையும் மாட்டிக்கொண்டு உட்கார வைத்து, வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று மறுபடி அளந்தோம். 105 மில்லிமீட்டரில் நிற்கும்படி ஸ்பிரிங்கைத் திருகினோம். பை இல்லாமல் அளந்தால் அந்தக் கணக்கு பொய். ஸ்பிரிங்கையே மாற்றச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள். ஒரு நாள் சவாரிக்கு அது வீண் செலவு. கிளிக்கரைத் திருகக் காசு இல்லை, திங்கட்கிழமை பழைய எண்ணுக்கே திருப்பியும் விடலாம். பழைய எண்களை டேப்பில் எழுதி ஏர் பாக்ஸ் மூடியின் உட்பக்கம் ஒட்டினோம்.

கியர் விஷயம் கொஞ்சம் கணக்கு. அவன் வண்டியில் செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட் முன்னால் 13 பல், பின்னால் 50. வகுத்தால் 3.85. இந்த எண் கூடினால் வண்டி மெதுவாகவும் பலமாகவும் இழுக்கும். முன்னால் ஒரு பல் குறைத்து 12 ஆக்கினால் 4.17; ஒரேயடியாக எட்டு சதவீதத்துக்கு மேல் மாறிவிடும். பின்னால் இரண்டு பல் கூட்டி 52 ஆக்கினால் 4.00, அதாவது நான்கு சதவீதம். முன்னால் ஒரு பல்லும் பின்னால் நான்கு பல்லும் கிட்டத்தட்ட சமம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். நாங்கள் 52 போட்டோம். இரண்டு பல் கூடியதால் அதே செயினில் பின் ஆக்சில் (சக்கர அச்சு) சுமார் 8 மில்லிமீட்டர் முன்னே வர வேண்டும். அதற்கு ஆக்சில் நட்டைக் கழற்றி மாட்ட வேண்டும். அந்த நட்டின் ஸ்பேனரைப் பற்றிப் பிறகு நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

இந்த வண்டிக்குக் கைபேசியிலிருந்தே எஞ்சின் மேப்பை, அதாவது எஞ்சின் எப்படிப் பவர் கொடுக்க வேண்டும் என்ற அமைப்பை, மாற்றும் வசதி உண்டு. மென்மையான மேப்பை ஏற்றினான். ஐடிலையும் (ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) ஒரு சொட்டு உயர்த்தினோம், மெதுவாகப் போகும்போது பொசுக்கென்று அணைந்துவிடாமல் இருக்க.

பிறகு கவசம். ஹேண்டில்பாரின் இரு முனைகளையும் வளைத்துப் பிடிக்கும் அலுமினியக் கைக்காப்பு மாட்டினோம். டிராக்கில் வெறும் பிளாஸ்டிக் மண்ணைத் தடுத்தால் போதும், இங்கே மரம் விரலைக் கேட்கும். எஞ்சினுக்கு அடியில் தகடு. ரேடியேட்டர்களுக்கு இருபுறமும் தாங்கி. கிளட்ச், பிரேக் லிவர்களின் பிடியைச் சற்றே தளர்வாக முடுக்கினோம். விழுந்தால் லிவர் சுழன்று கொடுக்கும், ஒடியாது. இது காசில்லாத வைத்தியம். எல்லா வைத்தியத்திலும் எனக்கு இதுதான் பிடிக்கும்.

இரண்டு இடத்தில் சறுக்கினோம். முன் சக்கரத்துக்குக் கனமான ட்யூப் கிடைத்தது. பின் சக்கரத்துக்குக் கடையில் 18 அங்குலம்தான் இருந்தது, 19 இல்லை. சொல்லி வைத்து வாங்க ஒரு வாரம் ஆகும். "ஒரு நாள்தானே" என்று மெல்லிய ட்யூபையே விட்டுவிட்டு, காற்றை மட்டும் 12-லிருந்து 13 பிஎஸ்ஐக்கு ஏற்றினோம். இன்னொன்று ரேடியேட்டர். கூடுதல் அழுத்தம் தாங்கும் மூடி போடலாம், ஃபேன் மாட்டலாம் என்று பட்டியலில் எழுதியிருந்தேன். "பிப்ரவரி குளிர்ல எதுக்கு அண்ணே?" என்றான். எனக்கும் சரியென்று பட்டது. இரண்டும் அன்றே வட்டியோடு வசூலானது.

பையில் ஏறியவை

தண்ணீர் மூன்று லிட்டர், முதுகுப் பையில். பங்ச்சருக்கு 21 அங்குல முன் ட்யூப் ஒன்று மட்டும். அவசரத்துக்கு அதைப் பின் டயரிலும் திணிக்கலாம், ஆனால் பின் ட்யூபை முன்னால் போட முடியாது. டயர் லிவர் மூன்று, சின்ன பம்ப், செயினுக்கு இணைப்புக் கண்ணி, ஸ்பார்க் பிளக், மாற்று கிளட்ச் லிவர், எஞ்சின் மூடியில் ஓட்டை விழுந்தால் அடைக்க எபாக்ஸி பசை, இழுத்துப் போக ஒரு பட்டை, கட்டுத் துணி. டூல்களை நீங்கள் வீட்டில் எதை வைத்து வண்டியைக் கழற்றினீர்களோ அதிலிருந்தே எடுக்க வேண்டும். கடையில் விற்கும் டூல் கிட்டில் உங்கள் வண்டிக்குத் தேவையானது மட்டும் இருக்காது.

அதே காரணத்தால்தான் ஆபத்தும் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு ஆக்சில் நட்டைக் கடைசியாக ஒருமுறை முடுக்கிய பெரிய ஸ்பேனரை வொர்க்பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, தோசை ரெடி என்று கூப்பிட்டதும் உள்ளே போய்விட்டேன். பட்டியலில் அதற்கு நேராக டிக் அடித்தது நான். பையில் அது இல்லை.

ஓட்டுகிறவனைத் தயார் செய்தது

இதற்கு ஒரே ஒரு மாலைதான் ஒதுக்கினோம். காலி மைதானம் ஒன்றில் எட்டுப் போட வைத்தேன், காலை ஊன்றாமல், முதல் கியரில், கிளட்சை விரலால் நூல் பிடித்த மாதிரி விட்டுப் பிடித்து. முழு வேகத்தில் பறக்கிறவன் நடக்கும் வேகத்தில் தடுமாறினான். வியர்த்துக் கொட்டியது. பத்து நிமிடத்தில், "இது டிராக்கைவிடக் கஷ்டம் அண்ணே" என்றான். ஒரு மாலை போதாது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். கராஜுக்கு மூன்று மாலை, ஆளுக்கு ஒன்று என்ற கணக்கு தலைகீழ்.

பாதை மரியாதைகளை வழியில் வேனிலேயே சொல்லிக்கொண்டு போனேன். டிரெயில் இருவழிப் பாதை. எதிரே வருகிறவருக்கு உனக்குப் பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று இடது கை விரலால் காட்ட வேண்டும். கடைசி ஆள் என்றால் மூடிய முஷ்டி. ஏறி வருகிறவருக்கு வழி விட வேண்டும், ஏனென்றால் அவர் நின்றால் மறுபடி கிளம்புவது பாடு. பிரியும் இடம் வந்தால் பின்னால் வருகிறவர் உன்னைப் பார்க்கும் வரை அங்கேயே நில். பாதைப் பலகையில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம்.

அன்று

101 நெடுஞ்சாலையில், பூண்டுக்குப் பேர்போன கில்ராய் ஊரைத் தாண்டும்போது வழக்கம்போல் பூண்டு வாசனை. ஹாலிஸ்டர் ஊர் 1947 ஜூலையில் மோட்டார்சைக்கிள்காரர்கள் திரண்டு கலாட்டா செய்ததால் நாடெங்கும் பெயர் வாங்கியது. ஊரைக் கடந்து சியெனிகா சாலையில் திரும்பினால் மலை. சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு இந்தப் பூங்காவுக்குள்ளேயே ஓடுகிறது. அதே சாலையில் பிளவின் மேல் கட்டிய ஒரு பழைய ஒயின் ஆலையின் சுவர்களை நிலம் ஆண்டுதோறும் மில்லிமீட்டர் கணக்கில் விலக்கிக்கொண்டே இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு இதில் என்ன? பிளவின் ஒரு பக்கம் மண் வேறு, மறுபக்கம் வேறு. கிரானைட் மணலில் சறுக்கிப் பழகிய கை, கொஞ்ச தூரத்தில் ஈரக் களிமண்ணில் ஏறும்போது மறுபடி பழக வேண்டும். டிராக்கில் மண் ஒரே மண். அதையும் நீர் தெளித்து உழுது வைத்திருப்பார்கள்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். நான் முன்னால், தம்பி நடுவில், எங்கள் நண்பர் ஒருவர் கடைசியில். முதல் முக்கால் மணி நேரம் அழகாகப் போனது. ஓக் மரங்களுக்கிடையே ஒற்றையடிப் பாதை. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும் பாய்சன் ஓக் செடியைக் காட்டி, இதிலும் எண்ணெய் உண்டு, தொட்டால் அரிக்கும் என்று சொன்னேன். ஏற்றத்தில் அவன் நின்றுகொண்டு ஓட்டும் நேர்த்தி, இரு முழங்காலாலும் வண்டியைப் பிடிக்கும் விதம், பிரேக்கை ஒரு விரலால் தொடுவது எல்லாம் டிராக் கொடுத்தவை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

பிறகு மலைச்சரிவை ஒட்டிப் போகும் பாதை வந்தது. வலது பக்கம் பள்ளம். அங்கே அவன் கை இறுகியது. டிராக்கில் திருப்பத்துக்கு மண் அணைப்பு இருக்கும். சக்கரத்தை அதில் சாய்த்துவிட்டால் வண்டி தானே திரும்பும். இங்கே அணைப்பு இல்லை, பாதை பள்ளத்தின் பக்கமே சாய்ந்திருந்தது. அவன் பார்வை பள்ளத்துக்குப் போக, வண்டியும் அங்கேயே போனது. இரண்டு முறை விளிம்பில் கால் ஊன்றி நின்றான். நின்றால் வண்டியை எதில் சாய்ப்பது? ஸ்டாண்ட் இல்லை. ஒவ்வொரு முறையும் நான் இறங்கி வந்து பிடித்தேன். முன்கை கல்லாகிவிட்டது என்றான். டிராக்கில் இது இருபதாவது நிமிடத்தில் வரும், உடனே இடைவேளை கிடைக்கும். இங்கே மணி பத்துதான்.

முதல் பெரிய நிறுத்தம் பத்தேகாலுக்கு. நீல வகைப் பாதையில் வேர்கள் குறுக்கிட்ட ஒரு நீள ஏற்றம். முதல் கியரில் ஆமை மாதிரி ஏறச் சொன்னேன். அவனுக்கு அந்த மெதுவோட்டம் பிடிபடவில்லை. இரண்டாம் கியரில் எஞ்சினை உயர்த்தி, கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஏறினான். டிராக்கில் திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது அது சரியான பழக்கம், ஒரு வினாடி வேலை. இங்கே ஐந்து நிமிடம். எஞ்சின் முழு வேகத்தில் சுற்ற, வண்டி நடை வேகத்தில் நகர, ரேடியேட்டருக்குக் காற்றே போகவில்லை. வெளியே குளிர் இருந்து என்ன, அந்தக் குளிர் உள்ளே வர வண்டி ஓட வேண்டுமே. உச்சிக்கு இருபது மீட்டர் முன்பு வழிகுழாயிலிருந்து புஸ்ஸென்று ஆவி. இனிப்பு வாசனை.

மூடியைத் திறக்கப் போன கையைத் தட்டிவிட்டேன். கொதிக்கும் ரேடியேட்டரைத் திறந்தால் முகம் வெந்துவிடும். மரத்தில் சாய்த்துவிட்டு முப்பது நிமிடம் உட்கார்ந்தோம். பிறகு துணி வைத்து மெல்லத் திறந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் முக்கால் லிட்டர் ஊற்றினோம். கிளட்ச் கம்பியின் தளர்வும் சூட்டில் மாறியிருந்தது. லிவர் பக்கத்துத் திருகில் சரிசெய்தோம். மொத்தம் நாற்பது நிமிடம். அடுத்த ஏற்றத்தில் முதல் கியரில் வந்தான். கொதிக்கவில்லை. மூடியும் ஃபேனும் இருந்திருந்தால் தப்பித்திருப்போமா என்று கேட்டால், அரைகுறையாக. ஓட்டும் முறை மாறியதுதான் அதை நிறுத்தியது.

மதியம் வேனுக்குத் திரும்பி, பெட்ரோல் நிரப்பி, சாப்பிட்டோம். வேனை மையமாக வைத்து இரண்டு வளையமாகப் போவது என்று முன்பே திட்டமிட்டதால் 6.2 லிட்டர் டேங்க் ஒரு பிரச்சினையே ஆகவில்லை. இரண்டு வளையத்துக்கும் சேர்த்து நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் குடித்திருந்தது, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர். எங்கள் தயாரிப்பில் மாசில்லாத பகுதி என்றால் இதுதான்.

பங்ச்சர் இரண்டாவது வளையத்தில். ஓடையைக் கடக்கும் இடத்தில் கூரான கற்கள். தம்பி அதற்குள் நன்றாகத் தேறிவிட்டிருந்தான், தைரியமும் வந்துவிட்டது. கொஞ்சம் வேகமாகவே இறங்கினான். பின் சக்கரம் ஒரு கல்லின் விளிம்பில் அறைந்த சத்தம் எனக்கே கேட்டது. டயர் ரிம்மில் நசுங்க, உள்ளே இருந்த மெல்லிய ட்யூபில் பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

பையைத் திறந்தேன். ட்யூப் இருக்கிறது, லிவர் இருக்கிறது, பம்ப் இருக்கிறது. ஆக்சில் நட்டுக்கான ஸ்பேனர் இல்லை. இரண்டு முறை பையைக் கவிழ்த்துத் தேடியபோதுதான் தோசை ஞாபகத்துக்கு வந்தது.

"அண்ணே, டிக் அடிச்சிருக்கே?" என்றான் தம்பி, பட்டியலைப் பார்த்து. குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. அதனால் இன்னும் கூச்சமாக இருந்தது.

நண்பர் முகாமுக்குத் திரும்பிப் போய் யாரிடமாவது இரவல் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். தனியாக யாரும் ஓட்டக் கூடாது என்று காலையில் நான்தான் சட்டம் போட்டிருந்தேன். கைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. நாங்கள் இருவரும் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, பார்த்துக்கொண்டிருந்தோம். சூரியன் ஆறு மணிக்கு முன் விழுந்துவிடும், தம்பி வண்டியில் விளக்கு இல்லை என்பது அப்போது மனதில் ஓடியது.

முக்கால் மணி கழித்து ஒரு பெரியவர் பேரனோடு வந்தார். எழுபது இருக்கும். ஓட்டியது என் வண்டியைவிடப் பழைய ஹோண்டா. எங்களைப் பார்த்ததும் நின்றார்; கேட்காமலே இடுப்புப் பையை அவிழ்த்தார். அதில் ஒரு பெரிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், கைப்பிடி பாதியாக அறுக்கப்பட்டு. எடை குறையட்டும் என்று அவரே அறுத்தாராம். அந்தக் குட்டைக் கைப்பிடியில் நட்டு அசையவில்லை. தம்பி காலால் மிதித்துத்தான் திறந்தான். நான் முந்தைய இரவு அவ்வளவு இறுக்கியிருந்தேன். சக்கரத்தைக் கழற்றி, டயரை ரிம்மோடு பிடித்து வைக்கும் ரிம் லாக்கைத் தளர்த்தி, 21 அங்குல ட்யூபை மடிப்பு விழாமல் உள்ளே விட்டு, டயரை ஏற்றி முடிக்க ஐம்பது நிமிடம். டிராக்குக்காரனான தம்பிக்கு டயர் மாற்றுவது கடையில் கொடுத்து வாங்கும் வேலை. அன்றுதான் முதல் முறை கையால் செய்தான். கடைசி லிவரை அழுத்தும்போது பெரியவரின் பேரன் டயர் மேல் ஏறி நின்று உதவினான். நண்பர் இரவல் ஸ்பேனரோடு வந்து சேர்ந்தபோது நாங்கள் காற்றடித்துக்கொண்டிருந்தோம்.

பங்ச்சரில் போனது ஒன்றே முக்கால் மணி நேரம். நான்கு மணிக்கு வேனில் இருந்தோம்.

தாளில் இருந்தது

கராஜில் செய்த வேலைகளில் எது நாளைக் காப்பாற்றியது என்று பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கைக்காப்பு இரண்டு முறை மரத்தில் மோதியிருந்தது, விரல்கள் பத்தும் இருந்தன. அடித் தகட்டில் மூன்று ஆழமான கீறல். சஸ்பென்ஷனைத் தளர்த்தியதை தம்பி காலையிலேயே உணர்ந்தான். "வண்டி கல்லை மோந்து பாத்துட்டுப் போகுது" என்றான். லிவர்கள் இரண்டும் ஒடியவில்லை. 52 பல் ஸ்ப்ராக்கெட் உதவியதா என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அவன் உதவியது என்கிறான். முதல் கியரை நம்பாதவனுக்கு ஸ்ப்ராக்கெட் என்ன செய்யும் என்பது என் கட்சி.

தவறியவற்றில் ரேடியேட்டரையும் ட்யூபையும் "ஒரு நாள்தானே" என்ற ஒரே நினைப்பில் விட்டோம். டிராக்கில் அந்த நினைப்புக்கு விலை ஒரு சுற்று. வண்டி கொதித்தால் தள்ளிக்கொண்டு வேனுக்கு வரலாம், டயர் போனால் அன்றைய பந்தயம் போச்சு என்று உட்கார்ந்துவிடலாம். ஸ்பேனர் வேறு வகை. அது என் கை எடுத்து வைத்து, என் கை மறந்தது. பட்டியலைப் பொருளைப் பார்க்காமல் டிக் அடித்தேன். இப்போதெல்லாம் பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக உள்ளே போடும்போதுதான் டிக். இன்னொன்றும் செய்கிறோம்: கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே, பையில் இருப்பதை மட்டும் வைத்துப் பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்க்கிறோம். முதல் தடவை இப்படிச் செய்தபோது ரிம் லாக் நட்டுக்கான ஸ்பேனரும் பையில் இல்லை என்று தெரிந்தது. அந்தப் பெரியவர் வராமல் இருந்திருந்தால் ஆக்சிலுக்கு அடுத்து அதிலும் மாட்டியிருப்போம்.

மெதுவாக ஓட்டுவதைத்தான் நாங்கள் மிகக் குறைவாகத் தயார் செய்தோம். மூன்று மாலை வண்டிக்கு, ஒரு மாலை ஆளுக்கு என்று எழுதினேன் அல்லவா. கொதித்தது, பள்ளத்தின் விளிம்பில் நின்றது, கை கல்லானது எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் வந்தன. ஒரு மோட்டோகிராஸ் ஓட்டுநர் என்னிடம் இப்போது வந்தால் கைக்காப்பும் அடித் தகடும் கனமான ட்யூபும் மாட்டிவிட்டு, மிச்ச மாலைகளை மைதானத்தில் எட்டுப் போடச் சொல்வேன். எட்டுப் போடும்போது கண் அடுத்த வளைவில் இருக்க வேண்டும், சக்கரத்தில் அல்ல. அதிகப்படியான பாகங்கள் எல்லாம் இரண்டாவது சவாரிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி மார்ச்சில் மறுபடி வந்தான். அதற்குள் 18 அங்குலப் பின் சக்கரம் ஒன்று பழையதாக வாங்கி, கனமான ட்யூப் போட்டு வைத்திருந்தான். பந்தயத்துக்கு 19, மலைக்கு 18 என்று மாற்றி மாட்டிக்கொள்கிறான். ஒற்றையடிப் பாதை ஒன்றில் எதிரே நான்கு பேர் ஏறி வந்தார்கள். ஓரமாக ஒதுங்கி நின்று, இடது கையால் இரண்டு விரல் காட்டினான். அன்றும் நாங்கள் மொத்தம் மூன்று பேர். கடைசியாக வந்த நான் முஷ்டியை மூடிக் காட்டிவிட்டு அவனைத் தாண்டும்போது பார்த்தேன், அவன் இடுப்புப் பையிலிருந்து ஒரு பெரிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடியை அறுத்திருக்கவில்லை.